வேலைக்குப் போய்வர எந்த வழி? மாற்றுத்திறனாளிகளுக்கான பயண ஒப்பீடு

வேலைக்குப் போக வழி தேடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது தூரம், நேரம், செலவு. மாற்றுத்திறனாளி ஒருவர் அதற்கு முன்பே வேறு இரண்டைப் பார்த்தாக வேண்டும். வீட்டு வாசலிலிருந்து வேலை மேசை வரை உடலை எத்தனை தடவை ஓர் இருக்கையிலிருந்து இன்னோர் இருக்கைக்கு மாற்ற வேண்டும்? சாயங்காலம் அந்த வழி கைவிட்டால் வீடு திரும்ப வேறு வழி இருக்கிறதா?

இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. காலையில் சக்கர நாற்காலி ஏறுவதற்காகப் பஸ் வாசலில் இறக்கும் சாய்பலகை சிக்கிக்கொண்டால் ஒரு நாள் விடுப்போடு போகும். அதே சிக்கல் இரவு 8 மணிக்கு, அலுவலக லிஃப்டையும் நிறுத்திவிட்ட பிறகு வந்தால் நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே எந்த வழியையும் திரும்பும் பயணத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும். உடல் களைத்திருக்கும், வெளிச்சம் குறைந்திருக்கும், உதவிக்கு ஆள் குறைவாக இருப்பார்கள்.

பஸ்: வண்டியை விட நிறுத்தம் முக்கியம்

தாழ்தளப் பஸ் ஓடுகிறது என்று கேட்டதும் நிம்மதியாகிவிட வேண்டாம். கணக்கைப் பாருங்கள். அத்தகைய பஸ்ஸின் தரை சாலையிலிருந்து சுமார் 340 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தத்தில் பக்கவாட்டாக 70 மி.மீ. தாழ்ந்து கொடுத்தால் 270. நிறுத்தத்தின் நடைமேடை 150 மி.மீ. உயரம் இருந்து, ஓட்டுநர் அதை ஒட்டி நிறுத்தினால் ஏற வேண்டியது 120 மி.மீ. மட்டும். 900 மி.மீ. நீளப் பலகையில் அது 1:7.5 சாய்வு. கட்டடச் சாய்தளங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் 1:12-ஐ விடச் செங்குத்துதான் என்றாலும் சமாளிக்கலாம். நடைமேடையே இல்லாமல் சாலையில் பலகையை இறக்கினால் சாய்வு 1:3.3, அதாவது ஏறத்தாழ 17 டிகிரி. சாதாரண மின் நாற்காலிகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளரே அனுமதிக்கும் ஏற்றம் 6 முதல் 10 டிகிரிதான். கையால் தள்ளும் நாற்காலி அந்தச் சாய்வில் பின்பக்கமாகக் கவிழக்கூடும்.

அதனால் ஆராய வேண்டியது நிறுத்தத்தை. காலையில் ஏறும் இடம், இறங்கும் இடம் ஆகிய இரண்டோடு வேலை முடியாது. சாயங்காலம் ஏறும் நிறுத்தம் சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கும். அங்கே நடைமேடை உண்டா, சாலையைக் கடக்கும் இடத்தில் விளிம்பு இறக்கிக் கட்டப்பட்டிருக்கிறதா, வண்டிகள் அதை அடைத்து நிற்கின்றனவா? நான்கு நிறுத்தங்களில் ஒன்று சரியில்லை என்றாலும் அந்தப் பஸ் உங்களுக்கு உதவாது. அடுத்த நிறுத்தம் சரியாக இருந்தால் அங்கே போய் ஏறுவது மேல். 400 மீட்டர் கூடுதலாக உருட்டுவது, தினமும் ஒருவரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வதை விடச் சுலபம்.

பஸ்ஸுக்குள் சக்கர நாற்காலிக்கான இடம் பெரும்பாலும் ஒன்றுதான். 1300 × 750 மி.மீ. என்பது பல விதிமுறைகளில் உள்ள அளவு. கால் தாங்கியோடு சேர்த்து உங்கள் நாற்காலி 1200 × 700-க்குள் அடங்குகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். பல பஸ்களில் பின்நோக்கி, முதுகுப் பலகையை ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். பட்டை இல்லையே என்று பயப்பட வேண்டாம். கனமான வண்டி என்பதால் பிரேக் அடித்தாலும் வேகம் படிப்படியாகவே குறையும், முதுகுப் பலகை உடலைத் தாங்கிவிடும். அந்தப் பலகையை விட்டு ஒரு சாண் தள்ளி நிற்பதும் பக்கவாட்டாக நிற்பதும்தான் ஆபத்து. நாற்காலியின் பிரேக்கைப் போடுங்கள். மின் நாற்காலியானால் மோட்டாரைக் கியரில் வைத்து ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். ஆன் நிலையில் விட்டால் யாராவது இடித்து ஜாய்ஸ்டிக் நகர்ந்துவிடும்.

ஊன்றுகோலோடு போகிறவருக்குப் பிரச்சினை வேறு. பஸ் கிளம்பும் முதல் நொடிகளில்தான் விழுவார். இருக்கையில் உட்காரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று ஏறும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். நெரிசல் நேரத்தில் இருக்கை நிச்சயமில்லை என்றால், வேலை நேரத்தை ஒரு மணி முன்பின் நகர்த்திக் கேட்பதே இருக்கும் வழிகளில் செலவில்லாதது. ஊன்றுகோலின் ரப்பர் முனை தேய்ந்து வரிகள் மழுங்கியதும் மாற்றிவிடுங்கள். தேய்ந்த முனை நனைந்த பஸ் படியில் வழுக்கிவிடும்.

ரயில்: எல்லாம் லிஃப்டின் கையில்

தூரம் அதிகமானால், மாறி உட்காராமல் போக ரயிலை மிஞ்ச ஒன்றுமில்லை. பெட்டியும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருந்தால் அதைப் போல் எளிதான பயணமும் இல்லை. இடைவெளி இருக்கும் நிலையத்தில்தான் கவனம் வேண்டும். நாற்காலியின் முன் சக்கரங்கள் சிறியவை, பெரும்பாலும் 100 முதல் 150 மி.மீ. விட்டம். கோணலாகப் போனால் ஒன்று திரும்பி இடுக்கில் இறங்கிவிடும். நேர்ச் செங்கோணத்தில் போங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டத் தெரியாதவர் பெட்டியிலிருந்து இறங்கும்போது பின்னோக்கி இறங்குவது நல்லது. பெரிய சக்கரம் இடைவெளியை முதலில் தாண்டிவிடும்.

ரயிலின் பலவீனம் லிஃப்ட். இரண்டு நிலையம், போக ஒரு நடைமேடை, வர ஒரு நடைமேடை என்று பார்த்தால் நான்கு லிஃப்டுகள் வரை வேலை செய்தாக வேண்டும். ஒன்று நின்றால் பயணமே நின்றது. இதற்கு ஒரு வழி உண்டு. இறங்கும் நிலையத்தில் லிஃப்ட் பழுது என்றால், அதைத் தாண்டி லிஃப்ட் உள்ள அடுத்த நிலையத்தில் எதிர் வண்டி மாறித் திரும்பினால் மறு நடைமேடையில் இறங்கலாம். அந்தப் பக்க லிஃப்டோ சாய்தளமோ உங்களை வெளியே கொண்டுவரும். எந்த நிலையத்தில் இப்படித் திரும்ப முடியும் என்பதை முன்கூட்டியே குறித்துவைத்திருக்க வேண்டும். பலகை வைத்து ஏற்றும் முறை என்றால், இறங்கும் நிலையத்துக்குத் தகவல் போனதா என்று ஏறும்போதே கேளுங்கள். ஏற்றிவிட்டவர் சொல்ல மறந்தால் பெட்டிக் கதவு உங்கள் முன்னேயே மூடிக்கொள்ளும்.

சொந்தக் கார்: சுதந்திரத்துக்குத் தோள்பட்டை தரும் விலை

எல்லோரும் ஆசைப்படும் வழி இது. கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

கால்கள் இயங்காதவர் தனியாகக் காரில் போனால் ஒரு பயணத்தில் நான்கு வேலைகள்: நாற்காலியிலிருந்து காருக்கு மாறுவது, நாற்காலியைத் தூக்கி உள்ளே வைப்பது, போய்ச் சேர்ந்ததும் அதை எடுத்து வெளியே வைப்பது, மீண்டும் நாற்காலிக்கு மாறுவது. போகவர ஒரு நாளைக்கு நான்கு முறை மாறுவதும் நான்கு முறை தூக்குவதும் ஆகிறது. மாதம் 22 வேலை நாள் என்றால் 88 தூக்கல்கள். 12 கிலோ நாற்காலி என்றால் மாதத்துக்கு ஒரு டன்னுக்கு மேல், அதுவும் உட்கார்ந்தபடி கையை நீட்டி, உடலைக் கடந்து தூக்குவது. சக்கர நாற்காலியில் பல ஆண்டுகள் இருப்பவர்களுக்குத் தோள்பட்டை வலி பரவலாக வருவது இப்படிப்பட்ட சுமைகளால்தான். தோள் போனால் காரோடு நிற்காது, குளியலறையும் படுக்கையும் கூடப் பிறர் கையில் போய்விடும்.

ஆகவே கார் வாங்கும் முன் நாற்காலியைப் பாருங்கள். மடக்கும் எஃகு நாற்காலி 15 முதல் 20 கிலோ. மடங்காத சட்டத்தில் பின்சக்கரங்களைப் பொத்தானை அழுத்திக் கழற்றும் வகையில் மிஞ்சும் சட்டம் பெரும்பாலும் 10 கிலோவுக்குக் கீழ்தான். சக்கரங்கள் தனியாக, சட்டம் தனியாக உள்ளே போகும். அடுத்தது உயரம். நாற்காலி இருக்கையின் உயரம் மெத்தையோடு சுமார் 500 மி.மீ. கார் இருக்கையும் அதை ஒட்டி இருந்தால் மாறுவது எளிது. உயரமான கார்கள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் மேல்நோக்கி 200 மி.மீ. உடலைத் தூக்குவது தினசரி செய்யும் காரியமில்லை. நாற்காலிக்கும் கார் இருக்கைக்கும் நடுவே வழுக்குப் பலகை வைத்து, அதன் மேல் நகர்ந்து மாறிப் பழகினால் தோளில் ஏறும் எடை குறையும். அதைக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்கள் அதிகம். விட வேண்டாம்.

ஓட்டும் கட்டுப்பாடுகள் உடலுக்கேற்ப மாறும். இரு கால்களும் இயங்காவிட்டால் ஸ்டியரிங் அருகே ஒரு கைப்பிடி: தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலரேட்டர் என்பது ஒரு வகை. தள்ளினால் பிரேக், தொடை பக்கமாகக் கீழே அழுத்தினால் ஆக்சிலரேட்டர் என்பது இன்னொன்று. இழுத்துப் பிடிக்க விரல் பலம் குறைந்தவருக்கு இரண்டாவது பொருந்தும், ஏனென்றால் கையின் எடையே வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு கை கட்டுப்பாட்டில் இருப்பதால் மறு கையால் ஸ்டியரிங் சுற்ற உருண்டைக் கைப்பிடி வேண்டும். கியர் தானியங்கியாக இருப்பது அவசியம். காலில் திடீர் இழுப்பு வருகிறவர்கள் பெடலுக்கு முன்னால் தடுப்புத் தகடு போடாமல் ஓட்டவே கூடாது, கால் தன்னால் துள்ளி ஆக்சிலரேட்டரை மிதித்துவிடும். வலது கால் மட்டும் இல்லாதவருக்கு இடது கால் ஆக்சிலரேட்டர் போதும். பழைய பெடலை மூடும் அல்லது மடக்கும் அமைப்பு அதோடு வர வேண்டும். வீட்டில் வேறு யாரும் அதே காரை ஓட்டினால் ஒவ்வொரு முறையும் எந்தப் பெடல் இயங்குகிறது என்று பார்த்தாக வேண்டும்.

இவற்றைப் பொருத்துமுன் ஓட்டுநர் உரிமத்திலும் வாகனப் பதிவிலும் காப்பீட்டிலும் என்ன மாற வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பொருத்திய பிறகு காப்பீட்டாளருக்குச் சொல்லாமல் விட்டால் விபத்து நாளில்தான் அதன் வலி தெரியும்.

காரின் திரும்பும் பயணம் எதனால் கெடும்? பெரும்பாலும் பக்கத்துக் காரால். மாற்றுத்திறனாளி நிறுத்துமிடம் சுமார் 2400 மி.மீ. அகலமும் பக்கத்தில் 1200 மி.மீ. காலி இடமும் கொண்டது. அந்தக் காலி இடத்தில் யாரோ ஒருவர் ஐந்தே நிமிடம் என்று நிறுத்திவிட்டுப் போனால் கதவைத் திறக்க இடமில்லை. உள்ளே ஏறவே முடியாது. அலுவலகத்தில் இடம் ஒதுக்கக் கேட்கும்போது ஓட்டுநர் பக்கம் சுவரோ தூணோ இல்லாத, முனை இடமாகக் கேளுங்கள்.

இன்னொன்று, உணர்ச்சி இல்லாத உடலுக்குக் கார் இருக்கை சாதாரண மெத்தை. அழுத்தம் தாங்கும் குஷன் நாற்காலியோடு பின்னால் போய்விடும். ஒரு மணி நேரப் போக்குவரத்து நெரிசல் படுக்கைப்புண்ணுக்குப் போதுமான காரணம். சூடேற்றும் இருக்கை உள்ள கார் என்றால் அந்த ஸ்விட்சைத் துண்டித்துவிடுவதே உசிதம். தோல் வெந்தாலும் தெரியாது.

நாற்காலியோடு ஏறும் வேன்

மாறி உட்காருவதே இல்லை என்பது இதன் பெரிய பலம். தோள்வலி தொடங்கிவிட்டவர்களுக்கும், 100 கிலோவைத் தாண்டும் மின் நாற்காலிக்காரர்களுக்கும் கார் பற்றிய விவாதமே வேண்டாம், நேரே இதற்கு வரலாம்.

வாங்குவதாக இருந்தால் பின்பக்க வழியா, பக்கவாட்டு வழியா என்பது முதல் முடிவு. பக்கவாட்டில் இறங்க சாய்பலகையின் நீளமும் நாற்காலி திரும்ப இடமும் பக்கத்தில் வேண்டும், ஆனால் நேரே நடைபாதையில் இறங்கலாம். பின்பக்க வழிக்கு அகலம் தேவையில்லை, சாலையோரம் வரிசையாக நிறுத்தினால் மட்டும் வாகனங்கள் வரும் பாதையில் இறங்க வேண்டியிருக்கும். அலுவலகத்தில் எப்படி நிறுத்துகிறார்கள் என்பதை வைத்தே முடிவு செய்யுங்கள். தரையை வெட்டித் தாழ்த்திய வண்டிகள் வேகத்தடையில் அடி தட்டும். வாசல் உயரத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தரையிலிருந்து தலை உச்சிவரை அளந்து, அதற்கு மேல் நான்கு விரற்கடையாவது இடம் விட்டுப் பாருங்கள். மின் தூக்கி இருந்தால், மின்சாரம் போகும்போது கையால் இறக்கும் முறையை ஓட்டுபவர் ஒரு தடவையாவது செய்து பார்த்திருக்க வேண்டும்.

வாடகை வேனாக இருந்தாலும் சொந்த வேனாக இருந்தாலும் கட்டும் முறையில் சமரசம் கூடாது. பஸ்ஸுக்குச் சொன்னது இங்கே செல்லாது. சிறிய வண்டி மோதினால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நின்றுவிடும். முன்நோக்கி உட்கார்ந்து, நான்கு பட்டைகளால் நாற்காலியைத் தரையோடு கட்ட வேண்டும். பின் இரண்டும் தரைக்கு 30 முதல் 45 டிகிரியில், முன் இரண்டும் 40 முதல் 60 டிகிரியில். பட்டை போக வேண்டியது நாற்காலியின் முக்கியச் சட்டத்துக்கு. சக்கரத்திலோ, கழற்றும் கால் தாங்கியிலோ, கைப்பிடியிலோ மாட்டினால் அந்தப் பாகம் மட்டும் கையோடு வரும். உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பும் தோளும் சேர்ந்த தனிப் பெல்ட் வேண்டும். இடுப்புப் பட்டை கைத்தாங்கிக்கு மேலே போகாமல் அதன் இடைவெளி வழியாக, எலும்பை ஒட்டித் தாழ்வாக விழ வேண்டும். நாற்காலியோடு வரும் சின்ன வெல்க்ரோ பட்டை உடலை நேராக வைக்கத்தான், மோதலைத் தாங்காது. புதிய நாற்காலி வாங்குகிறவர்கள் ஐ.எஸ்.ஓ. 7176-19 சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். மணிக்கு 48 கி.மீ. வேக முன்மோதலில் நாற்காலி தாங்குகிறதா என்பதை அது சோதிக்கிறது. அந்த நாற்காலிகளில் பட்டை மாட்டும் நான்கு இடங்களும் கொக்கிக் குறியோடு இருக்கும். ஓட்டுநரும் திணற மாட்டார்.

வாடகை வண்டியின் பலவீனம் நேரம். முன்பதிவு செய்யும் சேவைகள் பல பேரை ஒரே சுற்றில் ஏற்றும், நேரம் ஒரு வரம்புக்குள்தான் வரும். வேலை நேரத்தை நிமிடக் கணக்கில் பார்க்கும் இடத்தில் இது தினம் ஒரு சண்டை. அதைவிடக் கவனிக்க வேண்டியது சிறுநீர்க் கணக்கு. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் போட்டு வெளியேற்றுகிறவர், வண்டி தாமதத்தையும் சேர்த்து, ஒரு கழிவறையிலிருந்து அடுத்த கழிவறை வரை உள்ள நேரத்தைக் கணக்கிட வேண்டும். பயண நேரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

ஸ்கூட்டரும் மின் நாற்காலியும்

கைகளும் இடுப்பும் பலமாக உள்ளவருக்குப் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் நடுத்தர தூரத்துக்கு நல்ல வழி. ஊன்றுகோல் மாட்ட இடம் வைக்கலாம். பழக வேண்டியது வளைவை: இருசக்கர வண்டிபோல இது உள்ளே சாயாது, வேகமாகத் திருப்பினால் உடலை வெளியே தள்ளும். பள்ளத்தில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால் கைப்பிடி வெடுக்கென்று இழுக்கும். மழைக்காலம் நீண்ட ஊரில், சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. இறங்கிய இடத்தில் இன்னொரு நாற்காலி காத்திருந்தால் மட்டுமே பொருந்தும்.

அலுவலகம் சில கிலோமீட்டருக்குள் இருந்து, நடைபாதை தொடர்ச்சியாக இருந்தால் மின் நாற்காலியில் நேரே போவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. யார் தயவும் இல்லை, மாறுவதும் இல்லை. விளம்பரத்தில் சொல்லும் தூரத்தில் பாதியை நம்புங்கள். அந்த எண் சமதரையில், புது பாட்டரியில், நிற்காமல் ஓட்டி எடுத்தது. ஏற்றமும் குளிரும் பயணியின் எடையும் அதை விழுங்கும். ஈய அமில பாட்டரியை முழுவதும் தீரும்வரை ஓட்டுவதும், தீர்ந்த நிலையில் ஓரிரு நாள் விட்டுவைப்பதும் அதன் ஆயுளைக் குடித்துவிடும். அலுவலகத்திலேயே இன்னொரு சார்ஜர் வைத்துக்கொள்ளுங்கள். ஜாய்ஸ்டிக்குக்குள் தண்ணீர் போனால் நடுச்சாலையில் நின்றுபோகும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை ஒன்று கைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

கை நாற்காலியின் முன்னால் கொக்கிபோட்டு மாட்டும் மோட்டார் சக்கரம், கை நாற்காலிக்கும் மின் நாற்காலிக்கும் நடுவே வருவது. தள்ளும் வேலையை எடுத்துக்கொள்ளும், கழற்றினால் உள்ளே சாதாரண நாற்காலி. மாட்டிய நிலையில் நீளம் கூடிவிடுவதால் பஸ்ஸில் ஏற முடியாமல் போகலாம். பஸ்ஸோடு சேர்த்து யோசிப்பவர்கள் அதைக் கவனிக்கவும்.

கண், காது, கண்ணுக்குத் தெரியாதவை

பார்வையற்றவருக்கு வண்டியை விடக் கடைசி 50 மீட்டர்தான் கடினம். கைபேசியின் இருப்பிடக் காட்டி சில மீட்டர் தவறும், உயரக் கட்டடங்களுக்கு இடையே இன்னும் தவறும். வாடகைக் காரை வரவழைத்தால் அது சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாது. நிலையான ஓர் அடையாளத்தை, ஒரே வாசல், ஒரே தூண் என்று, தினமும் ஏறுமிடமாக வைத்துக்கொள்வது உதவும். ஒரே வழியில் போகும் பஸ்ஸோ ரயிலோ பெரும்பாலும் இவர்களுக்கு மேல், ஏனெனில் வழி மாறாது, மனப்பாடமாகிவிடும். புதிய வழியை வெண்கோல் பயிற்சியாளரோடு ஒரு முறை காலையிலும் ஒரு முறை மாலையிலும் நடந்து பழகுங்கள். பெருமழை வண்டிச் சத்தங்களை மூழ்கடிக்கும், ஒரு கை குடைக்கும் மறு கை கோலுக்கும் போய்விடும். குடையை விட்டுத் தொப்பி வைத்த மழைக்கோட்டுக்கு மாறினால் ஒரு கை மிஞ்சும், ஆனால் தொப்பி காதை மூடாததாக இருக்கட்டும். மாலைக்கண் உள்ளவர்களுக்கு வண்டியை மாற்றுவதை விட ஷிஃப்டை மாற்றுவதே தீர்வு.

காது கேளாதவருக்கு ஓட்டுநர் போனில் கூப்பிடுவதுதான் தலைவலி. “நான் காது கேளாதவர், குறுஞ்செய்தி அனுப்பவும்” என்ற வரியை முன்பே தட்டி வைத்துக்கொண்டு, வண்டி ஒதுக்கப்பட்டதும் அனுப்பிவிடுங்கள்.

வலிப்பு உள்ளவர் வலிப்பே இல்லாமல் எவ்வளவு காலம் கழிந்த பிறகு ஓட்டலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதுவரை சொந்த வண்டியை நம்பி வீடு பார்க்க வேண்டாம், பஸ் பாதையை ஒட்டி வீடு பாருங்கள். மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு வெப்பம் தளர்ச்சியைக் கூட்டும். குளிரூட்டப்படாத முக்கால் மணி நேரப் பயணம் அன்றைய வேலைத் திறனையே எடுத்துவிடும். வெளியே எதுவும் தெரியாததால் இருக்கை கேட்கவும் சங்கடம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்வதை இவர்கள் ஒரு பயண வழியாகவே எண்ணிக் கேட்கலாம்.

முடிவு செய்யும் முன் ஓர் ஒத்திகை

பணியில் சேரும் முன் ஒரு வேலை நாளில், அதே நேரத்தில், அதே பையோடு போய், அலுவலகம் விடும் நேரம்வரை இருந்து திரும்பிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையால் பயனில்லை, அன்று சாலையும் லிஃப்டும் காலியாக இருக்கும். வீட்டுக்கு வந்தபின் சமைக்கவும் குளிக்கவும் தெம்பு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால் அந்த வழி வாரம் ஐந்து நாளுக்கு ஆகாது. மூன்று நாளுக்கு ஆகலாம்.

நிறுவனத்திடம் கேட்பதைப் பொதுவாகக் கேட்காமல் எழுத்தில், குறிப்பாகக் கேளுங்கள்: இந்த எண் நிறுத்துமிடம், சார்ஜருக்கு மேசையருகே ஒரு பிளக், கடைசி ஆள் கிளம்பும்வரை லிஃப்ட் ஓட வேண்டும், காலை 9-க்குப் பதில் 10 முதல் வேலை, வழி கைவிட்ட நாளில் வீட்டிலிருந்து பார்க்க அனுமதி. அதோடு மாலையில் வழி கெட்டால் கூப்பிட இரண்டு எண்கள் கைபேசியில் இருக்கட்டும். ஒன்று நாற்காலி ஏறும் வாடகை வண்டி. இன்னொன்று உங்களை நாற்காலியிலிருந்து காருக்கு மாற்றத் தெரிந்த ஒருவர். அவருக்கு அந்த முறையை இன்றைக்கே ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள்.